டீக்கடை இல்லாத சாலை

மதுரையைச் சுற்றி வண்டி வராத சாலையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்தச் சாலையில் எத்தனை டீக்கடை என்று எண்ண வேண்டும். நின்று டீ குடிக்க ஆள் வேண்டும் என்றால் போகிறவர்கள் இருக்க வேண்டும். போகிறவர்கள் இருந்தால் வண்டி இருக்கும். கடை போட்டவர் நமக்கு முன்பே போக்குவரத்தைக் கணக்கெடுத்து, அதை நம்பிப் பாலும் வாங்கி வைத்திருக்கிறார். நாம் அவரை நம்பினால் போதும்.

இந்தக் கண்டுபிடிப்பை நான் என் மனைவி சத்யப்ரியாவிடம் நான்கு முறை விளக்கினேன். நான்காவது முறை அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"புரிஞ்சுது. அந்தத் தட்டை எடுங்க."

இதை நான் ஆராய்ந்ததற்குக் காரணம் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன்னால், தல்லாகுளத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பேருந்தின் பின்பக்கம் அவளுடைய சைக்கிள் கைப்பிடியை உரசிவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. சைக்கிள் மட்டும் மாடியில் நின்றுவிட்டது. அதன்மேல் துண்டு காயப்போட்டோம். திருமணமான புதிதில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் சைக்கிள் ஓட்டுவதுதான். ஒருவர் பேச, இன்னொருவர் மூச்சு வாங்கியபடி கேட்க, வசதியாக இருந்தது.

தைப்பொங்கலுக்கு வந்த அவளுடைய தங்கை முனீஸ்வரி, "அக்கா, சும்மாதானே நிக்குது, எனக்குக் குடு" என்று கேட்டுவிட்டாள். சத்யப்ரியா என்னைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை வாரேன். ஏதாவது வண்டியால என் நெஞ்சு ஒரு தடவை திக்குன்னாலும், சைக்கிள் முனீஸ்வரிக்கு."

மூன்று வாரம் செயற்கைக்கோள் படத்தில் டீக்கடை தேடினேன். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு சாலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஏழு கடை. கடைசியில் பேரையூருக்கு மேற்கே, மலையடிவாரத்தைப் பார்த்து ஏறி இறங்கிப் போகும் ஒரு கிளைச்சாலை அகப்பட்டது. பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு கடைகூட இல்லை. நான் எழுந்து நின்று கை தட்டினேன். வீட்டில் அப்போது யாரும் இல்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டும் தாங்கியைப் புதிதாக வாங்கியிருந்தேன். அதில் நாடாவை எந்தக் கோணத்தில் இழுத்தால் சுமை எப்படிப் பிரியும் என்பதை விளக்கிக்கொண்டே கட்டியதில் எட்டேகால் ஆகிவிட்டது. பேரையூரில் காரை நிறுத்திவிட்டு மிதிக்கத் தொடங்கும்போது பத்து மணி.

சாலை நான் சொன்னபடியே இருந்தது. இருபுறமும் செம்மண், எதிரே மலை, நடுவே நாங்கள் மட்டும். முதல் ஏற்றத்தில் சத்யப்ரியாவின் தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன. அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது ஏற்றத்தில் தோள் இறங்கிவிட்டது. எனக்கு வெற்றி தெரியத் தொடங்கியது. ஆகவே, ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை மாற்ற வேண்டும், ஏறும்போது மாற்றினால் செயினில் முழு இழுவையும் இருப்பதால் பல்லில் உட்காராது என்று விளக்கினேன்.

"கொஞ்சம் பேசாம வர்றீங்களா?" என்றாள். "ரோடு மட்டும்தான் அமைதியா இருக்கு."

ஏழாவது கிலோமீட்டரில் ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது, கீழே நூறு மீட்டர் நீளத்துக்குச் சாலை பழுப்பாகத் தெரிந்தது. "காய்ந்த இலை" என்று அறிவித்துவிட்டு முன்னால் பாய்ந்தேன். அது இலை இல்லை. முழங்கால் உயரத்துக்குப் பரப்பிய உளுந்தஞ்செடி.

என் சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் கீழே, செயினைப் பல் மாற்றித் தள்ளுவதற்கு ஒரு சின்னக் கை தொங்கும். கொடி போன்ற எதுவும் அதில் சுற்றினால் செயின் அதை உள்ளே இழுக்கும், கை சக்கரத்துக்குள் போகும், உடையும். இது எனக்கு நன்றாகத் தெரியும். உடையும் சத்தம் கேட்டபோதும் எனக்குத் தெரிந்தது. பிறகு உளுந்தில் கிடந்தேன்.

"யாருய்யா அது, மெத்தைல படுத்த மாதிரி?"

கையில் செடியைக் கிளறும் கவைக்கம்போடு ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சேலைமேல் ஆண்கள் சட்டை. பெயர் சின்னத்தாய் என்று பிறகு சொன்னார்.

நான் எழுந்து, சாலையில் வண்டிகள் வராது என்று நினைத்து வந்ததாகச் சொன்னேன்.

"ஆமா தம்பி, வராது. அதனாலதானே இங்க காயப்போடுறோம். வண்டி வர்ற ரோட்டுல போட்டா எங்களை வைவாங்கள்ல?"

"அப்போ, செடியை எப்படி அடிப்பீங்க?"

"வண்டி ஏத்தித்தான். போன் போட்டு வரச்சொல்லிருக்கேன். விருமாண்டி டிராக்டர் வருது, பின்னாலயே பால் வண்டியும் வருது. வெயில் ஏறினாத்தானே காய் வெடிக்கும்? இந்நேரத்துக்குத்தான் சரியா இருக்கும்."

வருடத்தில் முந்நூற்று அறுபது நாள் ஆளில்லாமல் கிடக்கும் சாலைக்கு, வண்டிகளை அழைப்பு வைத்து வரவழைக்கும் நாளில், அந்த நேரத்துக்கே நான் மனைவியைக் கூட்டி வந்திருந்தேன். ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் வெறும் செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

மேட்டுக்குப் பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. சத்யப்ரியா சைக்கிளோடு ஓரத்து வரப்பில் ஏறி நின்றுவிட்டாள். முகத்தில் நிறமே இல்லை. "முனீஸ்வரிக்குப் போன் பண்ணிருங்க" என்றாள்.

சின்னத்தாய் எங்கள் இரண்டு சைக்கிளையும் பார்த்தார். "சும்மா நிக்கிறதுக்கு நீங்களும் ஏறி மிதிங்களேன். அம்புட்டு அம்புட்டா உதிரும்."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். "அக்கா, அதுல ஒரு விஷயம் இருக்கு" என்று தொடங்கினேன். டயருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம்தான் தரையில் விழும். என் டயர் மெல்லியது, உள்ளே தொண்ணூறு பவுண்டு காற்று. காரைப்போல மூன்று மடங்கு. என்னுடையது ஏறினால் உளுந்து இரண்டாக உடைந்து பருப்பாகிவிடும். மனைவியினுடையது தடித்த டயர், முப்பத்தைந்துதான். காய் மட்டும் வெடிக்கும், மணி உடையாது.

சின்னத்தாய் பொறுமையாகக் கேட்டார். "அப்ப நீ ஏறாத தம்பி. ஏத்தா, நீ ஏறு."

"எனக்கு வண்டின்னா பயங்க்கா."

"எது, விருமாண்டி வண்டியா? அது நடக்குறதவிட மெதுவாப் போவும். நீ பின்னால போ. அவன் திரும்பி வந்தா ஓரமா ஒதுங்கு. இடிச்சான்னா அவனுக்கு இன்னைக்குச் சோறு கிடையாது."

டிராக்டர் வந்து செடியில் ஏறியது. காய்கள் படபடவென்று வெடித்தன. சத்யப்ரியா என்னைப் பார்க்கவில்லை; டிராக்டரின் பெரிய சக்கரத்தையே பார்த்தாள். பிறகு வரப்பிலிருந்து இறங்கி, இருபதடி விட்டுப் பின்னால் மிதித்தாள்.

பரப்பிய செடியின் முனையில் விருமாண்டி டிராக்டரைத் திருப்பி எதிரே வந்தார். அவள் ஓரத்தில் காலூன்றி, கண்ணை மூடிக்கொண்டாள். சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. இரண்டாம் சுற்றில் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள். மூன்றாவதில் காலூன்றவில்லை. பால் வண்டி சேர்ந்தபோது, யார் முதலில் கடப்பது என்று அவளே கையைக் காட்டி முடிவு செய்தாள். எத்தனை முறை வண்டிகள் அவளைக் கடந்தன என்று நான் எண்ணினேன்: நாற்பத்தொன்று. வண்டியே வராது என்று மூன்று வாரம் தேடி நான் கண்டுபிடித்த சாலை அது.

மதியம் உடைந்த சைக்கிளோடு என்னை டிராக்டரின் டிரெய்லரில், உளுந்து மூட்டைகளின்மேல் ஏற்றினார்கள். பேரையூர் வரை அப்படித்தான். முன்னால் சத்யப்ரியா தன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். மூட்டை ஏற்றிய டிரெய்லரில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு என்று விருமாண்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டிராக்டர் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"அண்ணே, அக்கா நடுவுல போறாங்க. ஹாரன் அடிக்கவா?" என்று கத்தினார்.

"வேணாம், வேணாம்" என்றேன். நெஞ்சு திக்கென்றது, எனக்கு.

அவள் எங்கள் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கி, இடது கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, முறிந்து கூடிய வலது கையை வீசி, நீங்க போங்க என்று எங்களுக்கு வழி காட்டினாள். டிரெய்லர் அவளைக் கடக்கும்போது என்னிடம் கத்தினாள்.

"முனீஸ்வரிட்டச் சொல்லிட்டேன். உங்க சைக்கிளை எடுத்துக்கிறாளாம். ரிப்பேர் பண்ணிக் குடுத்துருங்க."