பெருங்காயம் தடவிய மனு

பரமசிவம் மந்திரிக்கு எழுதியது நாற்பத்திரண்டாவது கடிதம். முந்தைய நாற்பத்தொன்றுக்கும் பதிலே இல்லை என்று சொன்னால் தலைவர்கள் மேல் வீண்பழி விழும். ஒருவர் தன் படம் போட்ட காலண்டர் அனுப்பினார். ஒரு கட்சி, உறுப்பினராகச் சேரும் படிவம் அனுப்பியது. ஒரு எம்.பி. மட்டும் மனுவை ஊன்றிப் படித்து, பரமசிவத்தின் தெருச் சாக்கடை அடைப்பு விரைவில் நீக்கப்படும் என்று உறுதி கூறினார்.

மனுவில் சாக்கடையே கிடையாது. விஷயம் குரங்கு.

தில்லி அரசாங்க அலுவலகங்களுக்குள் குரங்கு புகுவது புதிதல்ல. பரமசிவம் ஓய்வு பெற்ற அன்று ஜன்னல் வழியாக வந்த ஒன்று, அவருடைய பென்ஷன் கோப்பில் பதினோரு பக்கங்களைத் தின்றது. பன்னிரண்டாம் பக்கத்தில், பெருங்காயம் தூக்கலாகப் போட்டு மனைவி தங்கம் கட்டிக்கொடுத்த புளியோதரையின் எண்ணெய் சிந்தியிருந்தது. குரங்கு முகர்ந்து பார்த்து, தும்மி, கோப்பை மேசைமேல் மரியாதையாக வைத்துவிட்டுப் போனது. அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் இன்றும் பென்ஷன் வாங்குகிறார்.

அரசாங்கக் காகிதம் அத்தனைக்கும் பெருங்காயத் தண்ணீர் பூச வேண்டும் என்ற யோசனை அன்று பிறந்தது. பெரிய தலைவர் ஒருவர் ‘நல்ல யோசனை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மிச்சம் தானாக நடந்துவிடும் என்று நம்பினார். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் இருந்தவர் இப்படி நம்பியதுதான் இந்தக் கதையில் நம்ப முடியாத பகுதி.

தங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. தீபாவளிக்குள் ஒரு மந்திரியாவது பெயர் சொல்லிப் பதில் போட்டால் தில்லியில் இருக்கலாம். இல்லையென்றால் கோட்லா வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூர் மகனிடம் போவது என்று சொல்லி, டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். அங்கே பரமசிவத்துக்கு ஒரே வேலை, மருமகள் சொல்லும் நேரத்தில் வாக்கிங் போவது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரைக் கிலோ கட்டிப் பெருங்காயம் வாங்கிவந்து கரைத்தார்.

“சாம்பாருக்குக் கேட்டா மறந்துட்டேங்கீய. மந்திரிக்கு மட்டும் அரைக் கிலோவாக்கும்?” என்றாள் தங்கம்.

“மோந்து பாத்தாத்தான நம்புவாரு.”

கடிதத்துக்கு இரண்டு கோட்டு அடித்துக் காயவைத்து, குரங்குக்குப் பேர்போன ஓர் அமைச்சகப் பவனில் இருக்கும் மந்திரிக்கு அனுப்பினார். தபால் ஆபீஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு முத்திரை குத்தினார்கள்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், அந்தப் பவனில் வேலை பார்க்கும் பாளையங்கோட்டை எபினேசர் கையில் ஓர் உறையோடு வந்தார். சனிக்கிழமை யாரோ ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறார்கள். இருநூறு குரங்குகள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கட்டடத்தில் காகிதம் என்று சொல்ல மிஞ்சியது ஒரே ஒரு கடிதம்.

பரமசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “மந்திரி படிச்சாராவே?”

“வேற என்னத்தப் படிப்பாரு அண்ணாச்சி? மூணு நாளா பவன் பூரா ஒங்க கடுதாசியத்தான் படிச்சிட்டிருக்கு.”

உறையில் இருந்தது, பக்கத்துப் பவனில் கடன் வாங்கிய காகிதத்தில் மந்திரியே கையெழுத்திட்ட பதில். பரமசிவம் இந்தியில் இருந்ததைத் தங்கத்துக்குத் தமிழில் சொன்னார். அனைத்து ஆவணங்களும் அழிந்திருக்க, தங்கள் கடிதம் மட்டும் தப்பியது ஐயத்துக்கு இடமளிக்கிறது. தங்களுக்கும் மேற்படி குரங்குகளுக்கும் உள்ள தொடர்பை எழுத்துமூலம் விளக்கவும். விசாரணை முடியும்வரை தில்லியை விட்டு வெளியேறக் கூடாது.

தங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். விசாரணை எப்போது முடியும் என்று எபினேசரைக் கேட்டாள். கமிட்டி போட வேண்டும், அதற்குக் கோப்பு வேண்டும், கோப்புக்குக் காகிதம் இன்னும் வரவில்லை என்றார் அவர்.

பரமசிவம் கடைசி வரியை மறுபடி படித்தார். முப்பத்தாறு வருடத்தில் விசாரணை முடிந்து அவர் பார்த்தது ஒன்றே ஒன்று. அதிலும் குற்றம்சாட்டப்பட்டவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

“மந்திரி உத்தரவுல்லா, தங்கம். நாம என்ன செய்ய முடியும்? டிக்கெட்ட ரத்து பண்ணிரு.”

பதிலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதற்கு முன், மிச்சமிருந்த பெருங்காயத் தண்ணீரில் அதற்கும் இரண்டு கோட்டு அடித்தார்.