தாண்டுவதற்கு ஓர் ஓடை

மழையைத் திட்டினால் மீனாட்சியம்மாளுக்குப் பொறுக்காது.

புரட்டாசி பிறந்து இருபது நாளாகியும் வானம் வெறிச்சோடிக் கிடந்தது உண்மையே. கரிசல் நிலம் கால் புதையுமளவுக்கு வெடித்திருந்தது. விதை உளுந்து பானையை விட்டு இறங்கவில்லை. ஆயினும் தேநீர்க்கடைப் பெஞ்சில் அமர்ந்துகொண்டு, "பாழாப்போன மழை நம்மள ஏமாத்திட்டு" என்று பெரியவர் அழகிரிசாமி சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் மூண்டது. சென்ற மார்கழியில் மழை வரவில்லையா? மூன்று நாள் விடாமல் கொட்டியது. வந்த வெள்ளம் போக வழியின்றித் தேங்கி நின்று, காய் பிடித்திருந்த அவளுடைய மூன்று ஏக்கர் உளுந்தையும் வேரோடு அழுகச் செய்தது. கீழேயிருந்த கண்மாய்க்கோ ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை.

காரணம் ஊரறிந்தது. தீப்பெட்டி ஆலை முதலாளி தங்கசாமி தம் புதுச் சரக்குக் கிட்டங்கிக்கு லாரி போவதற்காக, ஊரின் கிழக்கெல்லையாகிய ஓடையைச் சரள்மண் கொட்டித் தூர்த்துச் சாலை போட்டிருந்தார். அடியில் ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. மீனாட்சியம்மாள் தாலுகா அலுவலகத்தில் நான்கு முறை மனுக் கொடுத்தாள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு ரசீதுச் சீட்டுத் தந்தார்கள். நான்கு சீட்டுகளும் அரிசிப்பானைக்கு அடியில் பத்திரமாக இருந்தன. ஐப்பசி மழைக்குள் ஓடை திறக்காவிட்டால் இவ்வாண்டு விதைப்பும் தண்ணீரில்தான்.

இப்படி அவள் வெந்துகொண்டிருந்த வேளையில்தான், கணவன் கொம்பையா ஊர்க்கூட்டம் முடிந்து வந்து சொன்னான்.

"வெள்ளிக்கிழமை மழைச்சோறு எடுக்கணுமாம். ஒப்பாரிக்கு முன்னால நிக்க நீதான் வேணும்னு சொல்லுதாக."

"ஓடையத் தாண்டினவுகளத் திரும்பக் கூப்பிட வாரது யாராம்?"

"தங்கசாமி அண்ணாச்சிதான். கோயில் தர்மகர்த்தால்லா அவிய."

"நல்லாருக்கு! கழுத்த நெரிச்சவனே இழவுக்குக் கோடித்துணி எடுத்துட்டு வாரானாக்கும்" என்று சீறினாள். அடுப்படிப் பாத்திரங்கள் அன்று பகல் முழுவதும் அடி வாங்கின. பொழுது சாய்ந்ததும், யாரும் கேளாமலே, "சரி, நிக்கேன்னு சொல்லிருங்க" என்றாள். கொம்பையாவுக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

மழைச்சோற்றுக்கென்று முறைகள் உண்டு. பெண்கள் கிழிசல் உடுத்தி, வீடுதோறும் பிச்சை ஏற்று, உப்பில்லாத சோற்றை ஒரே பானையில் கலந்து ஊர்ப்புறத்தில் உண்ண வேண்டும். மழை செத்துவிட்டதாக மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். பின்னர்ப் பாய், சுளகு, கோழிக்கூடை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டிப் பரதேசம் புறப்பட வேண்டும். அக்கரையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் செம்புத் தண்ணீரோடு வந்து மறித்து, "மழை வரும், திரும்பி வாங்க" என்று வாக்குக் கொடுப்பார். முன்னால் நின்றவள் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் மற்றவர்கள் வீடு திரும்பலாம். பிச்சைச் சோறு இட்டது முதல் அதுவரை ஊரில் எந்த அடுப்பும் எரியக்கூடாது.

வெள்ளியன்று காலை பக்கத்து வீட்டுத் தெரசம்மாள்தான் முதற்சோறு இட்டாள். இட்டதோடு நில்லாமல் தானும் கிழிசலைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க சாமியாரும் ஞாயித்துக்கிழமை மழைக்குச் செபம் வச்சாரு, மதினி. ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போம். எந்தப் பக்கம் காது கேக்குதுன்னு பாப்போம்" என்றாள்.

தங்கசாமியின் வீட்டு வாசலில் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தது. கருமேகத்துக்குக் கீழே அவர் கைகூப்பி நின்றார். உள்ளேயிருந்து ஓர் அண்டா நிறையப் புளியோதரை வந்தது.

"இது உப்புப் போட்டதுல்லா?" என்று ஒருத்தி தயங்கினாள்.

"அவிய வீட்டுல உப்புப் போட்டுத்தான் திங்காகளா?" என்றாள் தெரசம்மாள் உரக்க. "செய்யுத வேலையப் பாத்தா அப்படித் தெரியலையே!"

பெண்கள் அண்டாவைத் தொடாமல் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். மீனாட்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

ஒப்பாரியில் அவள் குரல் எடுத்த எடுப்பிலேயே எல்லாரும் அடங்கினார்கள். மழையைச் செத்தவள் என்று அவள் பாடவில்லை.

"வாசல் தேடி வந்தவளே, வழி மறிச்சுக் கொன்னாகளே!
கண்மாயைக் காண வந்தே, காட்டுலயே அழுகவிட்டாக!"

நாற்பது பெண்களும் அந்த அடியையே திரும்பத் திரும்ப வாங்கி மாரடித்தார்கள்.

பிற்பகலில் ஊர்வலம் கிழக்கெல்லைக்கு வந்தது. சாலைக்கு அப்பால், காரை நிறுத்தி, வெள்ளிச் செம்போடு தங்கசாமி காத்திருந்தார். படம் பிடிப்பவர் இருவர் அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். பெண்கள் சரள்மண் மேட்டில் கால் வைக்கப் போனபோது மீனாட்சியம்மாள் கை நீட்டித் தடுத்தாள்.

"நில்லுங்கட்டி. ஓடை எங்க?"

"இதான மதினி?" என்றாள் தெரசம்மாள்.

"இது ரோடு. ஓடையத் தாண்டினாத்தான் ஊர விட்டுப் போனதா கணக்கு. தாண்ட ஓடையில்ல. அப்ப நாம இன்னும் ஊருக்குள்ளதான் இருக்கோம். போகாதவளத் திரும்பி வான்னு எப்படிக் கூப்பிட முடியும்?"

சொல்லிவிட்டுத் தன் பாய்ச்சுருளை அவிழ்த்தாள். உள்ளே மண்வெட்டி இருந்தது. பரதேசம் போகிறவளுக்குப் பிழைக்க ஒரு சாமான் வேண்டாமா என்று அவள் மூன்று நாளாகக் காதோடு காதாக ஓதியிருந்தபடியே, நூறு நாள் வேலைக்குப் போகும் மண்வெட்டிகளும் இரும்புச் சட்டிகளும் மற்றப் பாய்களிலிருந்தும் வெளிவந்தன. முதல் வெட்டு நங்கென்று விழுந்தது.

தங்கசாமி பதறி ஓடிவந்தார். "ஏ மீனாட்சி! என்ன கூத்து இது?"

"முறையச் செய்யுதோம் அண்ணாச்சி. தாண்டணும்லா? அதான் ஓடைய எடுக்கோம்."

"ரோட்ட வெட்டினா கேசு ஆயிரும், தெரியும்லா?"

"போடுங்க! தாலுகா ஆளு நெலக் காயிதத்தோட வரட்டும். காயிதத்துல இங்கன ஓடைதான் ஓடுது. மொதச் சாட்சிக் கையெழுத்து நான் போடுதேன்."

அவர் பின்னால் கூடிநின்ற ஆண்களைப் பார்த்தார். "ஏலே கொம்பையா, ஒம் பொண்டாட்டிய அடக்கு."

"காலையிலருந்து அடுப்புப் பத்தலையே அண்ணாச்சி. வெறும் வயித்தோட நான் எத அடக்க?" என்றான் கொம்பையா. எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது.

தங்கசாமி குரலைத் தாழ்த்தினார். செம்பை நீட்டினார். "சரி, விடு. மழை வரும். குடிச்சிட்டு வாங்க."

மீனாட்சியம்மாள் நிமிர்ந்தாள். வியர்வையும் செம்மண்ணும் அவள் முகத்தில் வரிவரியாய் இறங்கின.

"மழை வரும்னு நீங்க என்ன சொல்லுதது? அது போன வருசமும் வந்துச்சு. தப்பு செஞ்சது வானமில்ல. வந்தவள ரோட்டப் போட்டு மறிச்சுக் கொன்னுட்டு, அவ போட்டோவுக்கு அடியில நீங்க கும்பிட்டு நிக்கீக. ஓடை தெறந்தே கெடக்கும்னு சொல்லுங்க, குடிக்கேன். மழைக்கு வாக்குக் குடுக்க நீங்க யாரு?"

தங்கசாமிக்கு முகம் கறுத்தது. செம்புத் தண்ணீரை அப்படியே வெட்டிய பள்ளத்தில் கொட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார். கொட்டிய தண்ணீர் ஒரு கணம் தயங்கிற்று. பின்பு பள்ளத்தின் வழியே நான்கு முழ தூரம், கண்மாய் இருந்த திக்கில் ஊர்ந்துபோய் மண்ணுக்குள் மறைந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

பொழுது இறங்குமுன் சரளைக்குக் கீழே கரிசல் தென்பட்டது. ஒரு முழ அகலம், முழங்கால் ஆழம். மீனாட்சியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டினாள். நாற்பது பெண்களும் ஒருவர்பின் ஒருவராய்த் தாண்டினார்கள்.

இப்போது கூப்பிட ஆள் வேண்டும். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அழகிரிசாமிதான் அடிபம்பில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு பள்ளத்தருகே வந்தார். மழையைத் திட்டிய அதே மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொம்பை நீட்டினார்.

"ஓடை தெறந்தே கெடக்கும் தாயி," என்றார். "காலையில ஆம்பளைகளும் மம்பட்டியோட வாரோம். திரும்பி வாங்க."

அவள் வாங்கிக் குடித்தாள். பகலில் தின்ற சோற்றில் இல்லாத உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில் இருந்தது. சொம்பைத் திருப்பிக் கொடுத்தவள், இன்னும் வெட்டாமல் கிடந்த சரள்மேட்டைக் காட்டினாள்.

"இன்னும் முக்கால்வாசி கெடக்கு, மாமா. விடியுததுக்குள்ள வரலன்னு வைங்க, நாளைக்கும் ஒங்க வீடுகள்ல அடுப்பு எரியாது."