ஹேண்டில்பாரில் ஒரு டார்ச்

ஜெரூஷாவின் சைக்கிளில் விளக்கு கிடையாது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய மலிவு எல்இடி டார்ச்சைப் பழைய டியூப் துண்டால் ஹேண்டில்பாரில் இறுகக் கட்டியிருந்தாள். மறைமலை நகர் கம்பெனி பஸ் விடியும் முன்பே ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்துவிடும் என்பதால், பீர்க்கன்கரணை ஏரிக்கரையை அந்த வெளிச்சத்தில்தான் தினமும் கடப்பாள்.

அன்று பின்னால் ஒரு பைக் ஹெட்லைட் போடாமல் ஊர்ந்து வந்தது.

"இன்னா மேடம், தனியாவா போய்க்கினு கீற? துணைக்கு வரட்டா?"

வெளிச்சம் இருந்தால்தானே தொடர்வான் என்று அவள் டார்ச்சை அணைத்துவிட்டு வேகமாக மிதித்தாள். அப்போது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு தண்ணி லாரி அவள் மேலேயே திரும்பியது. தடவித் தடவி டார்ச்சின் பொத்தானை அமுக்கினாள். ஒரு முழத் தூரத்தில் லாரி கிறீச்சிட்டு நின்றது.

"சாவுகிராக்கி! லைட்டு போட்டுகினு வந்தா இன்னா?" என்று டிரைவர் கத்தினார்.

"போட்டா அவன் பார்க்கறான், போடலைன்னா நீங்க பார்க்கல. நான் எப்படிண்ணா வேலைக்குப் போறது?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். சற்றுத் தள்ளி பைக் உறுமிக்கொண்டு நின்றது.

"நான் தாண்டினதும் லாரியைக் குறுக்க நிறுத்துங்க" என்றாள்.

அவர் நிறுத்தினார். ஆனாலும் ஜிஎஸ்டி ரோடு வரும்வரை அவள் காது பின்னாலேயே இருந்தது. டார்ச்சை மட்டும் அணைக்கவில்லை.