மருமகளுக்குப் போன ஜீப்

அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு ஜீப்புக்கு என்னமோ தார் மாதிரி அடிக்கப் போறாங்களாம். உங்கப்பாவும் மருமகளும் ஒரு வாரமா சோறு தண்ணி இல்லாம அதையே தேய்ச்சுக்கிட்டு கிடக்குறாங்க. வர்றதா இருந்தா வெள்ளைத் துணி போட்டுக்கிட்டு வந்துராத. வீடு பூரா துருத் தூளு."

அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மகளுக்குத்தான் அது நேராக வயிற்றில் போய் எரிந்தது.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பலர் கிளச்சை மிதிக்கப் பழகியது அவள் போட்ட அதட்டலில்தான். அவளுக்கு அந்த வித்தை வந்ததோ அப்பாவின் ஜீப்பில். அப்பா போர்வெல் போடும் தொழில் செய்தவர். பாதையே இல்லாத இடங்களுக்கெல்லாம் இரும்புக் குழாயும் மோட்டாரும் ஏற்றிக்கொண்டு போக, பின்னால் திறந்த தொட்டி வைத்த ஜீப் ஒன்று வைத்திருந்தார். அண்ணனுக்கு வண்டியில் ஏறினாலே குமட்டும். அதனால் முன் சீட் எப்போதும் அவளுக்குத்தான். கால் பிரேக்கை எட்டியதும் ஸ்டீயரிங்கும் அவள் கைக்கு வந்தது.

தொழிலை விட்ட பிறகு அப்பா ஜீப்பை வீட்டுப் பின்புற ஷெட்டில் நிறுத்தினார். போன மழைக்காலத்தில் திடீரென்று ஒருநாள், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், சாவியை எடுத்து மருமகள் கையில் கொடுத்துவிட்டார்.

அண்ணி மாட்டு டாக்டர். பண்ணை பண்ணையாகப் போய் வைத்தியம் பார்ப்பவள். அவளுடைய ஸ்கூட்டர் சேற்றில் புதைந்து, மருந்துப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து போன கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜீப் அவளுக்குத்தான் தேவை. அது நியாயம்தான் என்று மகளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் நியாயம் என்று தெரிந்துவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா என்ன? "மருமக ஓட்டுனா பள்ளம் மேடே தெரியல, பக்கத்துல உக்காந்தா தூக்கமே வந்துடுது" என்று அப்பா ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். வண்டி ஓட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

அம்மா போன் செய்த மறுநாள் விடுமுறை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்ற முகத்தோடு அவள் போய் நின்றாள்.

ஷெட்டின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. டயர் கடையிலிருந்து வாடகைக்கு வந்த கம்ப்ரஸர் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டான். அப்பாவும் அண்ணியும் ஒரே மாதிரி நீல நிற வேலை அங்கி போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரே மாதிரி முகமூடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, தொட்டிக்குள் குனிந்திருந்தார்கள். அங்கி இரண்டும் புதிது. கடைக்குச் சேர்ந்து போய் வாங்கியிருப்பார்கள். மூன்றாவது அங்கி ஒன்று இல்லை என்பது அவள் கண்ணில் முதலில் பட்டது.

"வா வா, நல்ல நேரத்துல வந்த" என்றாள் அண்ணி. "டேப் ஒட்ட ஆள் இல்லாமத் திண்டாடுறோம்."

தொட்டியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. காலம் காலமாகக் குழாய்கள் உரசி உரசிப் பெயிண்ட் போய், தகரம் பள்ளமும் கீறலுமாகக் கிடந்தது. இருவரும் துருவைச் சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி, மினுமினுப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். இனிமேல் அடிக்கப் போகிற பூச்சு சாதாரணப் பெயிண்ட் இல்லை. பாட்டிலில் உள்ள கெட்டிக் கறுப்போடு இறுக வைக்கும் ஹார்டனர் திரவத்தைக் கலந்து குலுக்கி, அந்தப் பாட்டிலையே ஸ்ப்ரே கன்னில் திருகி அடிக்க வேண்டும். காய்ந்தால் சொரசொரப்பாக, ரப்பர் மாதிரித் தொட்டியை இறுகப் பிடித்துக்கொள்ளும். சுத்தியல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். கலந்த பிறகு மட்டும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடும்.

இதையெல்லாம் அப்பா அவளுக்கு விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் "மருமகதான் கண்டுபிடிச்சா" என்றே முடித்தார். "கடையில குடுத்தா பத்து நாள் வண்டிய வச்சுக்குவாங்களாம். நாமளே வீட்டுல அடிச்சுக்கலாம் மாமான்னா. என்ன தைரியம் பாரு!"

"இதுல என்னப்பா தைரியம்? இதென்ன புலிக்கு ஊசி போடுற வேலையா?" என்றாள் மகள்.

அப்பா சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். சொன்னவள் சிரிக்கவில்லை.

அவள் டேப் ஒட்ட உட்கார்ந்தாள். விளக்குகள், பின் கண்ணாடி, கதவு விளிம்பு என்று பழைய செய்தித்தாளை வைத்து மூடி, சுற்றிலும் டேப்பை இழுத்து ஒட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் அப்பா, தொட்டியின் மூலையில் இருந்த ஒரு பள்ளத்தைத் தடவிக்கொண்டே, "பாப்பா, அந்தச் சின்ன உப்புத்தாளை எடு" என்றார்.

அவள் கை நீண்டது. உப்புத்தாள் அவள் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் அண்ணி வேறொன்றை எடுத்து, "இந்தாங்க மாமா" என்று நீட்டிவிட்டாள். அப்பாவும் வாங்கிக்கொண்டார். அவர் கூப்பிட்டது மருமகளைத்தான்.

பாப்பா! பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரே சொந்தக்காரிதான் இருந்தாள். ஜீப் போனது போகட்டும். இதையுமா தூக்கிக் கொடுப்பார்? நீண்ட கையை மடக்கி அவள் டேப்பைக் கிழித்தாள். நகத்தோடு சேர்ந்து கிழிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அது அவள் கண்ணில் பட்டது. பின்கதவுக் கீலுக்குக் கீழே, தொட்டியின் தரையில், மெல்லிய பளபளப்பு. தொட்டுப் பார்த்தாள். கிரீஸ். அப்பா கீலுக்குப் போட்டது வழிந்து உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியாதா?

"கதவுப் பக்கம் சுத்தமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடு. அடிக்க ஆரம்பிக்கப் போறேன்" என்றாள் அண்ணி, முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டே.

சொல்லியிருக்கலாம். பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்திருக்கும் காரியம்.

"ம்" என்றாள் அவள். விரலில் இருந்த கிரீஸைத் தன் சுடிதாரிலேயே துடைத்துக்கொண்டாள்.

அண்ணி நன்றாகத்தான் அடித்தாள். அதுவும் ஒரு எரிச்சல். முதலில் பக்கச் சுவர்கள், பிறகு தரை. கையை ஒரே சீராக வீசி, ஓர் இடத்திலும் தேங்காமல் அடித்துக்கொண்டே பின்வாங்கி வந்தாள். ஒரு பாட்டில் தீர்வதற்குள் அப்பா அடுத்ததைக் குலுக்கித் தயாராக வைத்திருந்தார். வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் மாதிரி பேச்சே இல்லாமல் கை மாறியது. கறுப்பு படரப் படரக் கிழட்டு ஜீப் குமரியாகிக்கொண்டு வந்தது. மகள் வாசலில் நின்று துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். தப்பு நடக்கும் என்று தெரிந்துகொண்டு காத்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவள் நினைத்திருக்கவில்லை.

முதல் பூச்சு சற்று காயட்டும் என்று காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்பாதான் முதலில் பார்த்தார். கீலுக்குக் கீழே பூச்சு குழி குழியாக விலகி, பாலாடை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. விரலால் தொட்டதும் தோலாக உரிந்து வந்தது.

"கிரீஸ்" என்றார். "நான் போட்ட கிரீஸ்."

"இல்ல மாமா. துடைச்சது நான்தானே? சரியாத் துடைக்கல."

"நீ என்னம்மா பண்ணுவ? வேலை செஞ்ச இடத்தைச் சுத்தம் பண்ணிட்டு நகரணும். அந்தக் காலத்துல என் ஆளுங்களை இதுக்காகவே திட்டுவேன்." அப்பா ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணும் தெரியல, நிதானமும் இல்ல. இனிமே என்னைய இந்த வேலைக்கெல்லாம் கூப்பிடாதம்மா."

மகள் எதிர்பார்த்தது அண்ணியின் முகம் தொங்குவதை. தொங்கியதோ அப்பாவின் முகம்.

"நான் பாத்தேன்" என்றாள்.

"எதை?"

"கிரீஸை. காலையிலயே பாத்தேன். வேணும்னுதான் சொல்லல."

அண்ணி கையுறையைக் கழற்றினாள்.

"நான் உன்கிட்ட கேட்டேன்ல? பாருன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நீ என்ன சொன்ன?"

"ம்னு சொன்னேன்."

அண்ணி அதட்டிப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். "இந்த வாரம் ஒரு பண்ணை மாடு பூராவுக்கும் தடுப்பூசி போடணும். ஐஸ் பெட்டி, மருந்துப் பெட்டி எல்லாம் இதுலதான் போகணும். ஒரு வாரமா ராத்திரி பகலா தேய்ச்சு என் தோள்பட்டை கழண்டு போச்சு. உனக்கு விளையாட்டா இருக்கா?"

"அது அப்பாவோட வண்டி."

"இல்ல. இப்ப என்னோட வண்டி."

அப்படி ஒரு பதிலை மகள் எதிர்பார்க்கவில்லை. அப்பா வாளியிலிருந்து எழுந்தார்.

"ஏம்மா, உனக்குத்தான் கார் இருக்கே?"

"இருக்குப்பா. ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா?"

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"வேணாம்னு சொல்லவாவது என்னைக் கேட்டிருக்கணும்!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்ப பாப்பான்னு கூப்பிட்டா கூட யாரைக் கூப்பிடுறீங்கன்னு தெரியல."

தான் அப்படிக் கூப்பிட்டதே அப்பாவுக்கு ஞாபகம் இல்லை போலிருந்தது. மருமகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "சண்டையை முடிச்சுட்டு மூணு பேரும் சாப்பிட வாங்க. கறுப்புக் கையோட யாராவது உள்ள நுழைஞ்சீங்க, தெரியும்!"

அண்ணி சுரண்டும் தகட்டை எடுத்து மகள் காலடியில் போட்டாள். "சுரண்டு. நல்ல தகரம் தெரியுற வரைக்கும். நீ முடிக்காம நான் அடுத்த பூச்சு அடிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவும் தயங்கித் தயங்கிப் பின்னாலேயே போனார்.

மகள் தொட்டிக்குள் முழங்காலிட்டுச் சுரண்டினாள். பாதி இறுகிய கறுப்பு தகட்டில் ஒட்டியது, விரலில் ஒட்டியது, வியர்வையைத் துடைக்கப் போய் முன்முடியிலும் ஒட்டியது. சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. சுரண்டி முடித்துத் தின்னரால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜீப் லேசாக ஆடியது. அண்ணி ஏறி வந்து எதிரில் உட்கார்ந்தாள். உப்புத்தாளை எடுத்து விளிம்புகளைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

துடைத்துக்கொண்டே மகள் சொன்னாள்: "உங்க மேல எனக்குப் பொறாமை அண்ணி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எப்ப வந்தாலும் முதல்ல ஜீப்பைச் சுத்தி வந்து டயரை ஒரு உதை விடுவ. தொழுவத்துக்குப் புதுசா ஒரு மாடு வந்தா பழைய மாடு அப்படித்தான் பண்ணும்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை.

"கோவம் இன்னும் போகல எனக்கு" என்றாள். "போக நாளாகும். நீ பாட்டுக்கு இன்னிக்கே சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காத."

"சரி."

"இந்த மூலைய நீயே அடி. கை வலிக்குது எனக்கு."

முகமூடியைக் கட்டிக்கொண்டு அவள் ஸ்ப்ரே கன்னைத் தூக்கினாள். அது இவ்வளவு கனக்கும் என்று தெரியாது. பக்கத்தில் வைத்து அடித்ததில் பூச்சு ஒரே இடத்தில் குவிந்து வழிந்தது. "தள்ளி, தள்ளி! நிக்காத, கையை ஓட்டு!" என்று அண்ணி கத்தினாள். டிரைவிங் ஸ்கூலில் தான் பிறரைப் பார்த்துக் கத்துவது கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் பூச்சும் முடிந்தபோது தொட்டி முழுக்க ஒரே சீரான சொரசொரப்பு. அந்த மூலை மட்டும் தழும்பு மாதிரி மேடு தட்டியிருந்தது. அப்பா வந்து தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கெட்டியா இருக்கு" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டாள்.

பூச்சு நன்றாக இறுக விட்டு, பண்ணை ஊசிக்கு ஜீப் குறித்தபடி போய் வந்தது. பிறகு ஒரு விடுமுறை நாளில் மகள் அண்ணிக்குப் போன் செய்து கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாள் ஜீப் எனக்கு வேணும். அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்."

"எடுத்துக்கோ. பண்ணையில இருந்து கூப்பிட்டா எங்க இருந்தாலும் கொண்டு வந்துடணும்" என்றாள் அண்ணி. குரலில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருந்தது. ஆனால் சாவி கைக்கு வந்துவிட்டது.

ஊரைத் தாண்டி, அப்பா முதன்முதலில் போர் போட்ட மேட்டுக்காடு வரை போனார்கள். ஸ்டீயரிங் கையில் அதே பழைய அதிர்வு. பக்கத்தில் அப்பா. அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அப்பா பேச ஆரம்பித்தார். மருமகள் ஒரு கன்றை இழுத்து வெளியே எடுத்த கதை. மருமகள் பண்ணைக்காரனை மிரட்டிய கதை. மருமகளுக்கு வந்த பாராட்டு.

"அப்பா" என்றாள் மகள். "ஓட்டுறவங்ககிட்ட பேச்சுக் குடுக்கக் கூடாது. எங்க ஸ்கூல்ல எழுதியே போட்டிருக்கு."

அப்பா வாயை மூடிக்கொண்டார். பாதை மேடேறத் தொடங்கியது. கொஞ்ச தூரம் போனதும், தனக்குத்தானே சொல்வது போல, "இந்த இடத்துல அவ ரெண்டாவது கியருக்கு வந்துடுவா" என்றார்.

அவள் மூன்றாவதிலேயே அழுத்தினாள். ஜீப் திணறியது, குலுங்கியது, நின்றுவிடப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதுக்கு இறக்கினாள். வண்டி ஏறியது. அப்பா அவசரமாக ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது பாதையாலா சிரிப்பாலா என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை.