மத்ரேத் வைத்த இன்னொரு ரொட்டி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பூஞ்சணம் பிடித்த ரொட்டியிலிருந்து பிறந்த கதை இது. (பைபிளிலுள்ள பழைய கதையில் அப்பம் என்றிருக்கிறது. அப்பமென்றால் உங்களுக்குத் தேங்காய்ப்பால் ஞாபகம் வந்து தொலைக்கும்.)

எரிகோ நகரை அழித்த இஸ்ரவேலர் படை அடுத்து ஏவியர்களான எங்கள் ஊர் கிபியோனுக்கு வரும். அந்தப் படை தூரதேசத்தாரோடு மட்டும்தான் சமாதானம் பேசுமாம். பக்கத்து ஊரென்றால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால் கிழிந்த செருப்பும் பூத்த ரொட்டியுமாக, வெகுதூரத்து ஆட்கள்போல் நடிக்க எங்கள் தூதர்கள் கிளம்பினார்கள். அந்த ரொட்டி யார் வீட்டில் பூத்தது என்று யாருமே கேட்கவில்லை.

2

மத்ரேத் அழுது— [அடித்துவிட்டேன். அவள் அழுகிற ரகமில்லை.]

மத்ரேத் ரொட்டியை முகர்ந்து முகம் சுளித்தாள். "இதையா என் புருஷனுக்குக் கட்டிக் குடுக்கணும்? ஊரே சிரிக்கும்."

"சிரிக்க ஊரு இருக்கணுமேடி," என்றான் தூதர்களில் ஒருவனான அவள் புருஷன் சோபால்.

"சரி, அங்க போய் என்ன சொல்வீங்க, எங்க, சொல்லிக் காட்டுங்க."

"கிளம்பறப்ப சுடச்சுட எடுத்தோம்... வந்து..." பொய் வாயில் வந்ததுமே அவன் காது சிவந்துவிட்டது.

"கிழிஞ்சது போங்க. காதே காட்டிக் குடுத்துடும்." தலைத்துணியை இழுத்து அவன் காதை மூடினாள். கையை உடனே எடுக்கவில்லை.

3

இங்கேதான் வம்பு. வழியில் பசிக்குமே என்று, அவனிடம்கூடச் சொல்லாமல், அன்று சுட்ட ரொட்டியொன்றைப் பையின் அடியில் வைத்துவிட்டாள். பாவி மகள்! அது படைக்காரர் கண்ணில் பட்டால் ஊரே காலி.

[பாதி வழியில் சோபால் பையைத் திறந்து—] சரிவரவில்லை. போய்ச் சேரும்வரை பையைத் தொடாதே என்று ஊரார் சொல்லியிருந்தார்கள்; தொடாதே என்றால் தொடாத மனுஷன் அவன்.

4

அந்தப் படையின் பாளையத்தில் ஒரு கிழவர் பூத்த ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுத் துப்பினார். மறுபடி பைக்குள் கையை விட்டார். கை நின்றது.

சோபாலுக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் மத்ரேத்தின் வேலை புரிந்துவிட்டது. அடி பைத்தியமே என்று நினைத்தான். அந்த நேரத்திலும் அவள்மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

"யாருப்பா சுட்டது?" கிழவர் மெல்லக் கேட்டார்.

"என் பொண்டாட்டிங்க." அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை.

சின்ன வயசில் எகிப்தை விட்டு வந்து, நாற்பது வருஷம் வனாந்தரத்திலேயே அலைந்தவர் கிழவர். வீட்டு அடுப்பு ரொட்டியைத் தொடுவது அத்தனை வருஷத்தில் இதுதான் முதல்முறை.

5

சமாதானம் நடந்தது என்கிறது பழைய கதை. ஆனால் அந்தக் கதையில் இந்த ரொட்டி இல்லையே. இதை வைத்தது நானல்லவா. கிழவர் பேசாமல் பையைக் கட்டினார் என்று எழுதினேன், அடித்தேன். நான் அந்த ஊர்க்காரன். அவருக்கு இரக்கம் வந்ததென்று நானே சொன்னால் யார் நம்புவார்கள்?

நீங்கள் வேற்றூர். கிழவருக்குப் பதில் நீங்களே பைக்குள் கையை விட்டுப் பாருங்கள். மெத்தென்றிருக்கிறது, இல்லையா? எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். பையில் என்ன இருக்கிறதென்று சொல்லுங்கள்.