மூக்கி ஒன்பதாயிரம் அடி ஏறிய மதியம்

அத்தைக்கு மேகம் பிடிக்கும். வெயிலில் பறப்பது கடைத்தெருவில் நடப்பது மாதிரி, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டே போக வேண்டும் என்பாள். மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. எது மேல், எது கீழ் என்பதில் உடம்பே பொய் சொல்லும். முன்னால் இருக்கும் கருவிகளின் முட்களை மட்டும் நம்பிப் போக வேண்டும். "அங்க என்னை யாரும் பாக்க மாட்டாங்க" என்று அவள் சொல்லும்போது, தூங்கப் போகிறவளின் முகம் மாதிரி இருக்கும்.

அவள் என் அப்பாவின் தங்கை. தீவுகளில் உள்ள சிறு மருத்துவமனைகளிலிருந்து இரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்து எங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. விமானம் அவளுடைய சொந்த விமானம். நான்கு பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு என்பதால் அதற்குப் பெயர் மூக்கி. அதே விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கும் பழுதுபார்க்கும் கொட்டகையில்தான் நான் வேலை செய்கிறேன். பகலில் ஒயர் இழுப்பது, மாலையில் உரிமத் தேர்வுக்கு வகுப்பு.

அடுத்த மாதத்திலிருந்து விதி மாறுகிறது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கிற சிறு விமானங்கள்கூட இனி ஒரு புதுப் பெட்டி வைத்திருக்க வேண்டும். தான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று அந்தப் பெட்டி ஓயாமல் வானத்துக்கும் தரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். அது இல்லாத விமானம் மேகத்தைத் தொடக் கூடாது.

"ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுக்கிட்டே பறக்கணுமா?" என்றாள் அத்தை. "அதுக்கு வீட்லயே இருந்துரலாம். உங்க அப்பன் போடுற தண்டோராவே போதும்."

விற்றுவிடப் போவதாகச் சொன்னாள். பயிற்சிப் பள்ளிக்காரர் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார், ஆனால் புதுப் பெட்டி பொருத்தியிருந்தால்தான் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அதற்குப் பிறகு அத்தைக்குப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாற்காலி தருவார்கள். மனசுக்குள் அத்தையை அந்த நாற்காலியில் வைத்துப் பார்த்தேன். ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி இருந்தாள்.

எனக்கு வாதாட வராது. பாதியிலேயே எதிராளி சொல்வதுதான் சரி என்று தோன்றிவிடும். பெட்டியை ஒரு குறையும் இல்லாமல் பொருத்தினால் அவள் மனசு மாறினாலும் மாறும் என்று ஓர் ஆசை மட்டும் இருந்தது. அதனால் ஒவ்வோர் இணைப்பையும் பூட்டிய வீட்டின் பூட்டை இழுத்துப் பார்ப்பது போல இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை இழுத்தா ஒயர் கையோட வந்துரும், மேடம்" என்றான் ஈயம். அவன் என் கூட வேலை செய்பவன். காதில் பென்சிலுக்குப் பதிலாகப் பற்றவைக்கும் ஈயக் கம்பியைச் செருகியிருப்பான். அவனுடைய உண்மைப் பெயர் சம்பளம் போடும் நாளில் மட்டும்தான் கேட்கும்.

புதன்கிழமை மதியம் உயரச் சோதனை. எங்கள் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விமானம் காற்றின் அழுத்தத்தை வைத்தே தன் உயரத்தை அறிகிறது. அதன் விலாவில் ஒரு சிறு துளை உண்டு. அந்தத் துளையில் குழாயைப் பொருத்திக் காற்றை மெல்ல மெல்ல உறிஞ்சினால், தரையில் நிற்கிற விமானம் தான் மேலே ஏறுவதாக நம்பிவிடும். இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு குழாயில் காற்றை அழுத்தினால் வேகமாகப் போவதாக நினைத்துக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிற்கும் விமானம், முட்கள் எல்லாம் சுழல, கனவு காண்கிற நாய் காலை உதறுவது போல, இருந்த இடத்திலேயே பறக்கும்.

இந்தக் கனவை அது வெளியே உளறிவிடக் கூடாது. அதற்காக ஆண்டெனாவின் மேல் ஓர் உலோகத் தொப்பியைக் கவிழ்த்துப் பூட்டுவோம். மூக்கியின் வயிற்றுக்கு அடியில் குனிந்து தொப்பியைப் பூட்டினேன். எழுந்து போனேன். திரும்பி வந்து, மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

"தொப்பி ஓடிப் போயிருச்சா?" என்றான் ஈயம், விமானி இருக்கையில் உட்கார்ந்தபடி.

பெட்டி தன் இடத்தை அறியச் செயற்கைக்கோள் எட்ட வேண்டும் என்பதற்காக மூக்கியைக் கொட்டகையின் வாசல் வரை தள்ளி வைத்திருந்தோம். வெளியே மேகம் தாழ்ந்து, ஓடுபாதையின் மறுமுனையை விழுங்கியிருந்தது. மழை இன்னும் விழவில்லை. அத்தை இரவல் வாங்கிய ஒரு விமானத்தில் தீவுகளிலிருந்து திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். நான் காற்றை உறிஞ்சும் பம்பின் குமிழைத் திருகினேன். ஈயம் உயரத்தைப் படித்தான். ஆயிரம். இரண்டாயிரம். பம்பின் முனகல் தாலாட்டு மாதிரி இருந்தது. ஈரக் காற்று உள்ளே வந்து போனது. ஒரு கணம், தரைதான் கீழே இறங்கிப் போகிறதோ என்று தோன்றியது.

கொட்டகையின் தொலைபேசி அடித்தது. கோபுரத்தில் இருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் அக்கா.

"உங்க அத்தையோட மூக்கி எங்கம்மா இருக்கு?"

"இங்கதான்க்கா. கொட்டகை வாசல்ல."

"காதுல பூ சுத்தாதே. ஓடுபாதைக்கு நேர் மேல நாலாயிரத்துல ஏறிக்கிட்டு இருக்கு. யாரு ஓட்டுறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். "ஈயம் ஓட்டுறான்க்கா" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

"விளையாட்டா இருக்கா? உங்க அத்தை மேகத்துக்குள்ள இறங்கி வர்றாங்க. இப்பதான் வலது பக்கம் திருப்பி விட்டேன்."

தொப்பி பூட்டித்தான் இருக்கிறது. என் கையாலேயே பூட்டினேன், இரண்டு தடவை பார்த்தேன். அப்போதுதான் மூக்கியின் முதுகு கண்ணில் பட்டது. கோபுரத்துக்கு மட்டும் பதில் சொல்லிவந்த பழைய பெட்டிக்கு ஒரே ஆண்டெனா, வயிற்றில். புதுப் பெட்டி வானத்தோடும் பேச வேண்டும், அதனால் அதற்கு முதுகிலும் ஒன்று. போன வாரம் ஏணி போட்டு ஏறி, துளையிட்டு, பசை தடவி அதைப் பொருத்தியதே நான்தான். என் கைக்கு அது தெரிந்திருந்தது. குனிந்து குனிந்து பழகிய என் முதுகுக்குத்தான் தெரியவில்லை.

"பெட்டியை அணை! அணைச்சுத் தொலை!" என்று கத்தினேன். ஈயத்தின் முகத்தில் ஈயாடவில்லை. விசையைத் தட்டினான்.

தொலைபேசியில் அக்கா, "ஐயோ, காணோம்" என்றாள்.

என்ன நடந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் முதலில் அத்தையிடம் வானொலியில் பேசினாள். பிறகு, "நான் இதை மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். கோவிச்சுக்காதே" என்றாள். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? குழாயைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அப்படிச் செய்தால் முட்கள் உடைந்துவிடும். மேலே ஏறாத விமானத்தை மெல்ல, மெல்லத் தரைக்கு இறக்கினேன்.

அத்தை இறங்கியதும் குளிர்பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். திட்டவில்லை. மூக்கியைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். இறக்கையின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தை, தப்பு என்னோடது. முதுகுல இருக்குற ஆண்டெனாவுக்குத் தொப்பி போடல."

"கோபுரத்துல சொன்னாங்க. கொஞ்சம் சும்மா இரு." கீழே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். "அந்த இரவல் விமானத்துல பக்கத்துல யார் பறக்குறாங்கன்னு காட்டுற திரை இருக்கு. அதுல திடீர்னு ஒரு புள்ளி. பக்கத்துல என் மூக்கியோட பதிவு எழுத்து, பதிவு எண். நான் இங்க இருக்கேன், என் மூக்கி அங்க ஏறுது. முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. நான் ஓட்டினாகூட அவ்வளவு சீரா ஏறாது."

"நான்தான் ஓட்டினேன்" என்றான் ஈயம் மெதுவாக.

"வாயை மூடு. வெள்ளைக்குள்ள எட்டி எட்டிப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல, ஆனா திரையில அந்தப் புள்ளி ஏறுறது அழகா இருந்துச்சுடி. இத்தனை வருஷத்துல அது பறக்குறதை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லையே. எப்பவும் உள்ளதானே இருக்கேன்? அப்புறம் பட்டுன்னு புள்ளி காணாமப் போச்சு."

"நாங்க அணைச்சோம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அப்பதான் கை வேர்த்துச்சு. எதிர்ல இருக்கா, மேல இருக்கா, என் மேல விழப் போகுதா, ஒண்ணும் தெரியல. கோபுரத்துல 'அது நிஜமில்ல, நேரா வாங்க'ன்னு சொல்ற வரைக்கும் மூச்சு விடல."

முழங்கால் மேல் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மத்தவங்களுக்கு இவ்வளவு நாளா அப்படித்தானே இருந்திருக்கேன்?" என்றாள். "யாரும் பாக்கலன்னு நான் சுகமா தூங்குற மாதிரி போய்க்கிட்டு இருந்தேன். எதிர்ல எவளோ ஒருத்தி கை வேர்க்க உட்கார்ந்திருந்திருப்பா."

ஆறுதல் சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயம். மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் முழுவதும் சத்தம்.

"சோதனை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. முதல்லேர்ந்து பண்ணணும்."

"பண்ணு. நான் உள்ள உட்கார்றேன்."

இன்னொரு தொப்பிக்காக ஈயம் நனைந்துகொண்டே பக்கத்துக் கொட்டகைக்கு ஓடினான். நான் ஏணியில் ஏறி முதுகுக்குப் பூட்டினேன், குனிந்து வயிற்றுக்குப் பூட்டினேன். அத்தை விமானி இருக்கையில் உட்கார்ந்து, வழக்கம் போலப் பெல்ட்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோபுரத்துக்குப் பேசினேன்.

"அக்கா, ஏறத் தொடங்கிட்டோம். ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. மழைதான் தெரியுது."

இந்தத் தடவை உயரத்தை அத்தை படித்தாள். அவள் குரல் எண்ணுக்கு எண் தணிந்துகொண்டே போனது. வாசலுக்கு வெளியே மழை வெள்ளைத் திரையாக நின்றது. வேறெதையும் பார்க்க முடியவில்லை. ஒன்பதாயிரத்தில் நிறுத்தினேன். முட்கள் அசையாமல் நின்றன.

அத்தையின் கைப்பேசி அடித்தது. பயிற்சிப் பள்ளிக்காரர்.

"சொல்லுங்க... இல்லங்க, வெள்ளிக்கிழமை வர வேண்டாம். நான் விக்கல... ஆமா, நிச்சயமாத்தான். சத்தமா? அது மழை. நான் இப்ப ஒன்பதாயிரம் அடியில இருக்கேன், அப்புறம் பேசுறேன்."

கைப்பேசியை மடியில் வைத்தாள். என் கை குமிழின் மேல் இருந்தது, ஆனால் திருகத் தோன்றவில்லை.

"இறக்குடி" என்றாள். "பாத்து, மெதுவா."

இறக்கினேன். ஈயம் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "அத்தை, காது அடைக்குதா?" என்று கேட்டான்.

அத்தை தாடையை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"லேசா" என்றாள்.