கைலாஸின் தலை தேய்ந்த வரலாறு

கைலாசநாதனின் தலையை மரியமுத்து முதல் முறை தேய்த்தபோது, பிரெஞ்சு மொழி மொத்தமும் அவரை விட்டுப் போனது. தேய்த்தது கழுத்துக்கு மேலே இருந்த தலையை அல்ல, புல் வெட்டும் குட்டி டிராக்டரின் எஞ்சினுக்கு மேலே இருந்த ஹெட்டை. ஆனால் போனது அவருடைய பிரெஞ்சுதான். டிராக்டருக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

கைலாசநாதன் குரும்பகரத்துக்காரர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி என்பதால் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த குடும்பம். மீசை முளைத்த கையோடு பிரான்சுக்குப் போனவர், ஒரு நகராட்சிப் பூங்காவில் புல் வெட்டுகிறவராகச் சேர்ந்து, புல் வெட்டுகிறவர்களை அதட்டுகிறவராக ஓய்வு பெற்றார். பெயரின் பின்பாதியைச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராததால் கைலாஸ் ஆனார். திரும்பி வந்தபோது ஊரும் அப்படியே கூப்பிட்டது. வரும்போது மனைவி சுகிர்தாவை விமானத்திலும், டிராக்டரைக் கப்பலிலும் கொண்டுவந்தார். இரண்டில் எதைப் பத்திரமாகக் கொண்டுவந்தார் என்று கேட்டால் ஊரில் ஒரே பதில்தான் வரும். அப்பா காலத்து நெல்வயலை மண்ணடித்து மேடாக்கிப் புல் விதைத்தார். கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று மற்றவர்கள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் போர் போட்டுப் புல்லை நனைத்தார்.

“கைலாஸ் வயல்ல இந்த வருசம் என்ன மகசூல்?”

“புல்லு.”

“அறுத்து என்ன செய்வாரு?”

“மறுபடி வளப்பாரு.”

அந்தப் புல்வெளியின் ஓரத்தில், அம்பகரத்தூர் சாலையைப் பார்த்தபடி, மரியமுத்துவின் பட்டறை இருந்தது. முன்பு கிளிஞ்சல்மேட்டில் போட் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர். சுனாமி அவருடைய கொட்டகையை, சாமான் இறுக்கும் வைஸ் பலகையோடு சேர்த்துக் கொண்டுபோன சமயத்தில், விடுமுறைக்கு வந்திருந்த கைலாஸ் பெரிய மனது செய்து, “நம்ம எடத்துல ஓரமா போட்டுக்கடா. நான் போன்னு சொல்ற வரைக்கும் இரு” என்றார். எழுத்து கிழுத்து ஒன்றும் கிடையாது. கேட்டிருந்தவர்களும் காலப்போக்கில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆக அந்த அனுமதி, உலகத்தில் கைலாஸின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. மரியமுத்து அதன் மேல்தான் தகரம் வேய்ந்து, பம்புசெட் எஞ்சின்களைப் பார்த்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தலை நரைத்தார்.

நிரந்தரமாக வந்து உட்கார்ந்த கைலாஸுக்கு, போர்ட்டிகோ நாற்காலியிலிருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே கறுப்பாக ஒரு கொட்டகை தெரிந்தது. “சித்திரை பொறந்தா அது இருக்கக் கூடாது” என்றார். மரியமுத்துவுக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தச் சாலையில் ஒரு முழம் விடாமல் எல்லா இடத்துக்கும் சொந்தக்காரர்களும் அவர்களுக்கு வழக்குகளும் இருந்தன.

தை மாதத்தில் டிராக்டர் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. கைலாஸ் அதைச் சுற்றிச்சுற்றி வந்து, “குலாஸ்! குலாஸ்!” என்று கத்தினார். பிரெஞ்சில் எஞ்சின் ஹெட்டுக்குக் குலாஸ் என்று பேர். சுகிர்தா பயந்துபோய் மரியமுத்துவுக்குப் போன் போட்டு, கைலாஸ் கத்தியதையே சொன்னாள்: “அண்ணே, குலாஸ் போயிடுச்சு. ஒடனே வாங்க.”

போனில் மரியமுத்துவுக்கு விழுந்தது, கைலாஸ் போயிடுச்சு என்று. புருஷனைப் பெண்டாட்டி போயிடுச்சு என்று சொல்வாளா என அவர் ஒரு கணம் யோசித்தார். அந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று அவருக்கே தோன்றியது. நேராகப் பூக்கடைக்குப் போய் ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாங்கினார். சித்திரைக் கண்டம் போனது என்று வழியெல்லாம் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போனார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. அதற்குள் இறந்தவர் அவரைப் பார்த்துவிட்டார்.

“யாருக்குடா மாலை?”

“வண்டிக்குங்கய்யா. பூச போட்டுட்டுக் கழட்டலாம்னு.”

“வண்டிக்கு ஆளுசர மாலையா?” கைலாஸ் முட்டாள் இல்லை. மாலையை வாங்கித் தாமே டிராக்டரின் ஸ்டீயரிங்கில் மாட்டினார். “வண்டிய சரி பண்ணிக் குடு. சித்திரை வரைக்கும் எதுக்கு? மாசி பொறக்கறதுக்குள்ள கொட்டகையப் பிரிச்சுக்க.”

வீட்டில் மரியமுத்துவின் மனைவி அமலராணி தலையில் அடித்துக்கொண்டாள். “செத்துட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மாலை வாங்கக் கூடாதா நீங்க? அப்படி என்ன அவசரம்? சந்தோசம் தாங்கல!”

மறுநாள் வேலை தொடங்கியது. சாமான் எதுவும் தம் கண்ணை விட்டு நகரக் கூடாது என்பது கைலாஸின் உத்தரவு. அதனால் போர்ட்டிகோவிலேயே சாக்கு விரித்து, மரியமுத்து போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகத் தளர்த்தி ஹெட்டைக் கழற்றினார். ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கிடக்கும் கேஸ்கெட் தகடு ஒரு பக்கம் எரிந்து போயிருந்தது. எந்த உறுப்பைக் கழற்றினாலும், வேறு ஒருவர் சாமானோடு கலந்துவிடாமல் இருக்க, மேல் பக்கத்தில் சாக்பீஸால் சொந்தக்காரர் பேரை எழுதிவிடுவது அவர் வழக்கம். கைலாஸ் என்று எழுதினார். இங்கே உறுப்பின் பேரும் கிட்டத்தட்ட அதுவே என்பதால் எழுத்து கொஞ்சம் ஆழமாகவே பிடித்துக்கொண்டது. உள்ளே அடைந்திருந்த கரியைச் சுரண்டியபோது கைலாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு தும்மல் வந்தது. பிறகு கண்ணாடித் தகட்டின் மேல் உலோகம் தேய்க்கும் எமரித் தாளை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கம் மட்டமாவதற்காக எட்டுப் போட்டபடி தேய்க்க ஆரம்பித்தார்.

நாற்காலியில் கைலாஸ் பிரான்சில் இருக்கும் மகள் கீர்த்திகாவின் பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். மரியமுத்து ஒவ்வொரு எட்டுப் போடும்போதும் அவர் பேச்சில் ஒரு சொல் குறைந்தது. எமரித் தாளில் வெள்ளிப் பொடி சேரச் சேர, அவர் தேடித் தேடிப் பேசினார், பிறகு தேடவும் இல்லை. அந்தப் பக்கம் பிள்ளை “பப்பி, பப்பி” என்று கூப்பிட்டது. பிரெஞ்சில் அது தாத்தா. கைலாஸ் போனைக் கீழே வைத்துவிட்டு, “புள்ளைக்கு நாய்க்குட்டி வேணுமாம்” என்றார்.

சுகிர்தா காப்பித் தட்டோடு கதவருகே நின்று இதை முழுவதும் பார்த்தாள். ஹெட்டைத் திரும்ப மாட்டி டிராக்டரை ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. மரியமுத்து கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் கொல்லைப்பக்கமாக வந்து நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமாண்ணே?”

“வண்டி நல்லாத்தானே ஓடுதும்மா.”

“வண்டியக் கேக்கல.”

சோற்றில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் கைலாஸ் தட்டை விட்டெறிவார். அங்கேயும் எறிந்தார், இங்கேயும் எறிந்தார். அங்கே கார்ப்பெட் என்பதால் சத்தம் கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தட்டு மட்டும் போனால் போதும் என்றாள் சுகிர்தா. எது தேயும், எது நிற்கும் என்று எமரித் தாளுக்குத் தெரியாது என்று மரியமுத்து நேர்மையாகவே சொன்னார். சொல்லும்போதே, அந்தத் தலைக்குள் மாசிக் கெடுவும் ஓர் ஓரமாக இருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. மறுநாள் காலையில் டிராக்டரில் எண்ணெய் கசிகிறது என்று சுகிர்தா கத்தினாள். எண்ணெயை ஊற்றியது அவளேதான்.

இரண்டாம் முறையில் கைலாஸுக்கு நீச்சல் போனது. அரசலாற்றில் அவர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனவர், இப்போது குளியலறை வாளியைப் பார்த்து ஒதுங்கினார். மூன்றாம் முறையில் அம்மாவின் முகம் போனது. கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, வந்தவர்களை நிற்க வைத்திருக்கிறீர்களே, நாற்காலி போடுங்கள் என்றார். தட்டு எறிவது அதற்கு அடுத்த முறையில் போனது, போகும்போது தட்டில் எப்படிச் சாப்பிடுவது என்பதையும் கூட்டிக்கொண்டு போனது. சுகிர்தா ஊட்டிவிட்டாள். வேண்டுமென்றே உப்பில்லாமல் ஒரு நாள், உப்பள்ளிப் போட்டு ஒரு நாள் என்று ஊட்டிப் பார்த்தாள். இரண்டையும் அவர் விழுங்கினார். அவள் வெகு நாள் கழித்து அன்று சத்தமாகச் சிரித்ததைப் பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் கேட்டார்கள்.

அதற்கும் அடுத்த தேய்ப்பில் மாசிக் கெடு உதிர்ந்தது. மரியமுத்து நைசாக, “கொட்டகையப் பிரிக்கணும்னீங்களே?” என்று கேட்டார். கைலாஸ் விழித்தார். “எந்தக் கொட்டகை? நான் எப்பச் சொன்னேன்?”

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கெடு எங்காவது வேரோடு ஒட்டிக்கொண்டிருந்து பிறகு துளிர்த்தால் என்ன செய்வது என்று ஒரு பயம் அவருக்கு. உறுதிக்காக இன்னொரு எட்டுப் போட்டார். அந்த எட்டில் அனுமதி போனது. கொட்டகை ஒன்று அங்கே இருப்பதே கைலாஸுக்குத் தெரியாமல் போனது.

ஹெட் இப்போது மிகவும் மெலிந்திருந்தது. மாட்டி ஓட்டினால் எஞ்சின் உள்ளே தட்டியது, கைலாஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதார். இப்படித் தேய்ந்த ஹெட்டுக்குப் பட்டறைகளில் ஒரு வைத்தியம் உண்டு. இடைவெளியை ஈடுகட்ட இரண்டு கேஸ்கெட்டைச் சேர்த்துப் போட்டு முறுக்குவது. மரியமுத்துவும் அப்படியே போட்டார். தட்டல் நின்றது, அழுகை நின்றது. அன்று முதல் கைலாஸ் எதையும் இரட்டையாகச் சொன்னார். யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்றார்.

மாசி பிறந்தது. சுகிர்தா ஊர்ப் பெரியவர் சிதம்பரநாதனை வரவழைத்து, கொட்டகையை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றாள். மரியமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை.

“என்னம்மா இது? ஒனக்காகத்தானே நான்...”

“எனக்காகத்தான், இல்லங்கல” என்றாள் சுகிர்தா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. “தேய்க்கத் தெரிஞ்ச ஆள வாசல்ல வச்சுக்கிட்டு நான் எப்படிண்ணே கண்ண மூடுறது?”

அவள் இடத்தில் மரியமுத்து இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

சிதம்பரநாதன் முறைப்படி நாற்காலியில் இருந்த கைலாஸையே கேட்கச் சொன்னார். மரியமுத்து முன்னால் வந்து குனிந்தார். “அய்யா, சுனாமி சமயத்துல நீங்கதானே இங்க இருன்னு சொன்னீங்க?”

“சொன்னேன், சொன்னேன்.”

“நான் இருக்கலாம்ல?”

“இரு, இரு.”

மரியமுத்து வெற்றியோடு திரும்பிப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னாலிருந்து சுகிர்தா, “அந்த எடத்துலயும் புல்லு போட்டா ரோடு வரைக்கும் பச்சையா இருக்கும்லங்க? போகச் சொல்லிருவோமா?” என்றாள்.

“போகட்டும், போகட்டும்.”

“இருக்கட்டும்னு இப்பதானேய்யா சொன்னீங்க!”

“இருக்கட்டும், இருக்கட்டும்.”

“போகணும்ல?”

“போகணும், போகணும்.”

இப்படியே மத்தியானம் வரை நடந்தது. சிதம்பரநாதனுக்குப் பசித்தது. கடைசியாகக் கைலாஸ் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்த நேரத்தில் மரியமுத்துவுக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. சுகிர்தாவுக்கு வரவில்லை.

கொட்டகை பிரிக்கப்பட்டது. எண்ணெய் ஊறிய மண்ணில் புல் வராது என்றார்கள், வந்தது, மற்றதைவிடச் செழிப்பாகவே வந்தது. கைலாஸ் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை அதன்மேல் டிராக்டரில் சுற்றுகிறார். அவரைப் போலச் சந்தோஷமான ஆள் கொம்யூன் பஞ்சாயத்திலேயே கிடையாது என்று சொல்கிறார்கள். மரியமுத்து சாலையில் போகும்போது தம் ஸ்கூட்டரை நிறுத்தி, “அய்யா, என்னத் தெரியுதா?” என்பார். “தெரியுது, தெரியுது” என்று கைலாஸ் கை ஆட்டுவார். “யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்றால் கை அப்படியே நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கீர்த்திகா கோடை விடுமுறைக்குப் பிள்ளையோடு வந்தாள். பிள்ளையை அவர் மடியில் வைத்து ஓட்டினார். யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.

மரியமுத்து இப்போது சாமான் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிறார். அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அம்பகரத்தூர் வரை செய்தி பரவியிருப்பதால், எஞ்சினைக் கழற்றும்போது ஆம்பிளைகள் யாரும் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. பெண்டாட்டி கொண்டுவரும் டீயைக்கூட நின்ற இடத்திலேயே குடிக்கிறார்கள். போன வாரம் அன்பழகன் வீட்டுப் பம்புசெட் ஹெட்டைக் கழற்றிச் சாக்பீஸை எடுத்த மரியமுத்து, வழக்கம்போல, “என்ன பேரு எழுதட்டும்?” என்றார்.

அன்பழகன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ரஞ்சித்குமார்னு எழுதுங்கண்ணே” என்றார்.

“அது ஒங்க சித்தப்பா மகன்ல? வரப்புத் தகராறு நடக்குதே?”

“எழுதுங்கண்ணே, பேர்ல என்ன இருக்கு.”

எல்லாரும் இப்போது பங்காளி பேரைத்தான் கொடுக்கிறார்கள். மரியமுத்து கேள்வி கேட்காமல் எழுதி, எட்டுப் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அந்தப் பக்கத்தில் வரப்புத் தகராறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவர்களுக்கு என்ன புகார் என்று நினைவில்லை.